குழாய் அலமாரியும் சென்னைச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரும்புக் குழாய்களைக் கொண்டு வீட்டிலேயே சுவர் அலமாரி செய்துகொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எந்தக் குழாய் அழகாக இருக்கும், எந்தக் கருப்பு வண்ணம் அடிக்கலாம், பலகைக்கு எந்த மெருகு ஏற்றலாம் என்பவையெல்லாம் அதில் நன்றாகவே விளக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த அலமாரி எதைப் பிடித்துக்கொண்டு தொங்கப்போகிறதோ அந்தச் சுவரைப் பற்றி, துளையிட்டுத் திருகிவிட வேண்டும் என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் பிட்டர் பிரிவு மாணவர்களுக்குக் குழாய் வேலையைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஒரு வரிக்குள் அடங்காமல் போனவற்றை எழுத இக்கடிதத்தில் இடம் கேட்கிறேன்.

இந்தப் பாணி நம் ஊரில் பிறந்ததல்ல. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் காலியாகக் கிடந்த பழைய தொழிற்கூடங்களில் 1960-களிலும் 70-களிலும் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். சுவரிலும் கூரையிலும் ஓடிய குழாய்களை மறைக்காமல் அப்படியே விட்டு வாழ்ந்தார்கள். பாரிஸில் 1977-இல் திறக்கப்பட்ட பாம்பிடு மையமோ தண்ணீர்க் குழாயையும் காற்றுக் குழாயையும் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி, நிறம் பூசி, அதையே அழகாக்கிக் காட்டியது. அந்த ரசனை உலகம் சுற்றி இப்போது நம் வரவேற்பறைக்கு வந்திருப்பதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் நான் கையில் பிடித்த, குழாயைத் திருப்பும் எல்போவையும் மூன்று வாயுள்ள டீயையும் வரவேற்பறையில் பார்ப்பது மகிழ்ச்சியாகக்கூட இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிற்கூடங்களுக்குக் கனத்த செங்கல் சுவர்கள் இருந்தன. இங்கே குழாய் மட்டும் வந்தது, சுவர் வரவில்லை.

பிளாஞ்சு எனப்படும், திருகுத் துளைகள் உள்ள வட்டத் தட்டு ஒன்றைச் சுவரில் திருகி, அதிலிருந்து பத்து அங்குலக் குழாய் ஒன்றைக் கைபோல வெளியே நீட்டி, அப்படி இரண்டு கைகளின் மேல் மூன்றடிப் பலகையை வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் அமைப்பு. ஓர் அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் ஏறத்தாழ பத்து கிலோ இருக்கும் என்று கொண்டால், மூன்றடிக்கு முப்பது கிலோ. பலகையையும் குழாயையும் சேர்த்தால் ஒவ்வொரு கைக்கும் ஏறக்குறைய 18 கிலோ வரும். இந்தப் பாரம் சுவரை ஒட்டி நேர்கீழாக இறங்குவதில்லை. சுவரிலிருந்து சராசரியாக ஐந்து அங்குலம் தள்ளி நின்று இறங்குகிறது. பிளாஞ்சின் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, அதற்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கும் திருகுகள்தாம் அந்த நெம்பலைத் தாங்கியாக வேண்டும். கணக்கு எளிது: 18 கிலோவை ஐந்தால் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் 36 கிலோ. அதாவது வைத்த பாரத்தைப் போல இரண்டு மடங்கு விசையுடன், மேல் திருகுகள் சுவரிலிருந்து வெளியே இழுக்கப்படுகின்றன. பாரத்தைச் சுமப்பதும் இழுப்பைத் தாங்குவதும் வேறு வேறு வேலைகள். செங்கல் சுவர் முதல் வேலையை எளிதாகச் செய்யும். இரண்டாவதற்கு அது கட்டப்படவில்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். படிப்படியாக மேலே போகும் குழாய்களைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் ஏறத் தோன்றும். இருபது கிலோ எடையுள்ள குழந்தை ஒரு கையின் நுனியைப் பிடித்துத் தொங்கினால், பாரம் சுவரிலிருந்து பத்து அங்குலம் தள்ளி விழுவதால், இழுவிசை மேலும் 80 கிலோ கூடும். ஏற்கெனவே இருந்த 36 கிலோவும் சேர்ந்து 116 கிலோ இரண்டே திருகுகளின் மேல் விழுகிறது. தங்கள் கட்டுரையோடு வெளியான படத்தில் அலமாரிக்கு நேர்கீழே தொட்டில் ஒன்று இருந்ததைக் கண்டபோதுதான் எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சுவருக்குப் போவதற்கு முன் குழாயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரும்புக் குழாய் உடையவே உடையாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முழுக் குழாயைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. மரை, அதாவது திருகுப் புரி, வெட்டிய இடத்தில் சரியல்ல. ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரக்குறிப்பின்படி அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், இரும்பின் கனம் மெல்லிய ஏ கிளாஸில் 2 மி.மீ., பி கிளாஸில் 2.6, சி கிளாஸில் 3.2. அரை அங்குல மரையின் ஆழம் 1.16 மி.மீ. ஆகையால், ஏ கிளாஸ் குழாயில் மரை வெட்டிய பிறகு மிஞ்சும் இரும்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நெம்பல் மிகுதியாக விழும் இடமும், குழாய் பிளாஞ்சுக்குள் நுழையும் அதே மரைப் பகுதிதான். ஆகவே புத்தகம் வைக்கும் அலமாரிக்கு அரை அங்குலக் குழாய் வேண்டாம். முக்கால் அங்குல பி கிளாஸ் வாங்குங்கள். கனம் அதே 2.6 மி.மீ. என்றாலும் விட்டம் 26.9 ஆக இருப்பதால், மரை வெட்டிய இடத்தின் வலு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கடையில் அடையாளம் காண்பது கடினமல்ல: ஏ கிளாஸ் குழாயில் மஞ்சள் பட்டையும், பி-யில் நீலமும், சி-யில் சிவப்பும் அடித்திருப்பார்கள். இணையத்தில் ‘குழாய் அலமாரி’ என்ற பெயரில் பெட்டியில் அடைத்து வருபவற்றில் சில, மெல்லிய தகட்டுக் குழாய்க்குக் கருப்புப் பொடி வண்ணம் ஏற்றியவை. கையில் எடுத்துப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

இணையத்தில் வாங்குவோருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் ஊர்க் குழாயில் வெட்டுவது 55 பாகைக் கோணமுள்ள பிரிட்டிஷ் மரை. அமெரிக்க மரைக்குக் கோணம் 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரிகள் என்பதால், வெளிநாட்டு அளவில் செய்த பிளாஞ்சு நம் குழாயில் முதலில் ஏறிவிடும். சில சுற்றுகளுக்குப் பிறகு இறுகி நின்றுவிடும். முழுமையாக ஏறாத மரையில் பாரத்தை ஏற்றக்கூடாது. குழாயையும் பொருத்துகளையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே ஒரு முறை முடுக்கிப் பார்த்துவிடுவது நல்லது. பாரிமுனையை அடுத்த செம்புதாஸ் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள மண்ணடித் தெருக்களிலும் இவை எல்லாமே கிடைக்கும். அளவைச் சொன்னால் வெட்டி மரை போட்டுத் தரும் இடங்களும் உண்டு.

இனி, நான் பரிந்துரைக்க விரும்பும் அமைப்பு. சுவரிலிருந்து கையை நீட்டாதீர்கள். தரையிலிருந்து கால் எழுப்புங்கள். சுவரிலிருந்து பத்து அங்குலம் முன்னால், இரண்டரை அடி இடைவெளியில், இரண்டு குழாய்க் கால்களைத் தரையில் பிளாஞ்சின் மேல் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தட்டின் உயரத்திலும் காலில் ஒரு டீயை வைத்து, அதிலிருந்து ஒரு துண்டுக் குழாயைச் சுவரை நோக்கிக் கொண்டுபோய், அதன் முனையிலுள்ள பிளாஞ்சைச் சுவரில் திருக வேண்டும். மேல் தட்டில் டீக்குப் பதில் எல்போ. பலகைகள் கால்களுக்கும் சுவருக்கும் நடுவே, அந்தத் துண்டுக் குழாய்களின் மேல் அமரும். மூன்று தட்டுகளுக்கு நான்கு டீ, இரண்டு எல்போ, எட்டு பிளாஞ்சு வேண்டும். ஐந்தடி உயரத்துக்கு ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே குழாய் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். முக்கால் அங்குல பி கிளாஸ் குழாய் மீட்டருக்கு 1.56 கிலோ எடை உள்ளது. ஆகவே குழாய் மட்டும் ஏழு கிலோ அளவில் வரும் என்பதால், ஒருவரே தூக்கி நிறுத்தலாம்.

இந்த அமைப்பில் பாரத்தின் பாதி காலின் வழியே நேராகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. மறுபாதி சுவரிலுள்ள பிளாஞ்சின் மேல் கீழ்நோக்கி மட்டுமே அழுத்துகிறது. திருகுகளை வெளியே இழுக்கும் நெம்பல் ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. சட்டகம் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வதே அவற்றுக்கு எஞ்சியிருக்கும் வேலை. குழந்தை முன் விளிம்பைப் பிடித்து ஏறினாலும் அதன் எடை காலில்தான் இறங்கும். அதற்காக ஏற விடலாம் என்று சொல்லவில்லை. சுவரிலிருந்து தனித்து மிதப்பதுபோல் தெரியும் அழகு இதில் குறைகிறது என்று என் மகளே சொன்னாள், அது உண்மைதான். என் கண்ணுக்கு, தரையில் ஊன்றி நிற்கும் குழாய்தான் குழாயாகத் தெரிகிறது.

இதைப் பூட்டும்போது ஒரு சிக்கல் வரும். கட்டுரைகளில் இதை யாரும் சொல்வதில்லை. குழாய் மரை நுனியை நோக்கிச் சற்றே ஒடுங்கிச் செல்லும் மரை. முடுக்க முடுக்க இறுகும். டீ முழுமையாக இறுகி நிற்கும் கணத்தில் அதன் வாய் சுவரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அது சமையலறையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இறுக்கத்தைத் தளர்த்தித் திருப்பினால் ஆட்டம் வரும், மேலும் இறுக்கினால் பொருத்து விரிசல் காணும். முதலில் எல்லாவற்றையும் தரையில் படுக்கவைத்துக் கையால் முடுக்கிப் பார்த்து, எந்தத் துண்டு எந்த டீயில் சரியான திசையில் நிற்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, பிறகே பைப் ரேஞ்சை எடுக்க வேண்டும். அப்படியும் திசை பொருந்தாத இடத்தில், மரையை இறுக்கிப் பிடிக்கும் பசையைத் தடவி, வேண்டிய கோணத்தில் நிறுத்தி உலரவிடலாம். தண்ணீர் ஓடாத குழாய் என்பதால் டெஃப்லான் டேப்போ சணலோ தேவையில்லை. டேப் சுற்றினால் மரை வழுக்கிக்கொண்டு தேவைக்கு மேல் உள்ளே போகும். வெட்டிய முனைகளில் உள்ள பிசிறை அரத்தால் ராவிவிட மறக்கக் கூடாது.

எவ்வளவுதான் தரையில் ஊன்றினாலும் சுவரில் சில திருகுகளாவது வேண்டும். இங்கேதான் சென்னையின் வீடுகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மிஞ்சியிருக்கும், மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் சிறு செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்ட தடித்த சுவர்கள் உண்டு. ஹேமர் டிரில்லின் அடியைச் சுண்ணாம்பு தாங்காது. அடியை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும், மெதுவாகத் துளையிட வேண்டும். அதற்குப் பின் வந்த சிமெண்ட் கலவைச் செங்கல் சுவர்கள்தாம் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை. அதிலும் ஒன்பது அங்குலச் சுவர். அறைகளுக்கு இடையேயான நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் பாரம் ஏற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சுவர் என்றால், ஊடே துளைத்து, மறுபுறம் ஒரு தகடு வைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்குவதே எங்கள் காலத்துப் பிட்டர்களின் வழி. பார்க்க அழகில்லை, பிடுங்கிக்கொண்டும் வராது.

புதிய அடுக்ககங்களில் பெரும்பாலும் செங்கல்லே இல்லை. ஏ.ஏ.சி. பிளாக் எனப்படும், உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலகுக் கற்களால் சுவர் எழுப்புகிறார்கள். ஒரு கன மீட்டர் செங்கல் 1,600 கிலோவுக்கு மேல் இருக்கும் என்றால், இது 550 முதல் 650 கிலோதான். கட்டடத்தின் எடை குறைகிறது, வெயில் உள்ளே இறங்குவதும் குறைகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் போல்ட்டை இதில் போட்டு முடுக்கினால், அது விரியும்போதே சுற்றியுள்ள கல்லை நொறுக்கிவிடும். இறுகியதுபோல் முதலில் தோன்றி, பிறகு கையோடு வரும். இதற்கென்று, துளைக்குள் செருகித் திருகைப் பிடிக்கவைக்கும் நீளமான நைலான் பிளக்குகளும், துளைக்குள் செலுத்தி இறுகவிடும் ரசாயனப் பசையும் கிடைக்கின்றன. உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்த ஹாலோ பிளாக் சுவரிலோ, துளையிடும் பிட் ஒன்றரை அங்குலத்தில் வெற்றிடத்துக்குள் பாய்ந்துவிடும். அங்கே சாதாரண பிளக்குக்குப் பிடிமானமே கிடையாது. அலுமினியப் பலகை அடைப்பு வைத்து எல்லாச் சுவர்களையும் கான்கிரீட்டாகவே வார்க்கும் கட்டடங்களும் வந்துவிட்டன. அவற்றில் பிடிமானத்துக்குக் குறைவில்லை. துளையிடும்போது கம்பி தட்டுப்பட்டால் அதை வெட்ட முயலாமல் துளையை ஓர் அங்குலம் தள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

தன் வீட்டுச் சுவர் எது என்று தெரியாதவர், கதவுக்குப் பின்னால் மறைவான ஓரிடத்தில் ஆறு மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டு, கீழே விழும் தூளைக் காகிதத்தில் பிடித்துப் பார்க்கலாம். முதலில் புட்டியின் வெள்ளைத் தூளும், பிறகு பூச்சின் சாம்பல் தூளும் வரும். அவற்றைக் கணக்கில் கொள்ளக் கூடாது. அதற்குப் பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். கோலமாவு போல வெளுப்பாக, எதிர்ப்பே இல்லாமல் கொட்டினால் ஏ.ஏ.சி. பிளாக். சாம்பல் நிறத்திலேயே தொடர்ந்து, பிட் முனகிக்கொண்டு நகர மறுத்தால் கான்கிரீட். சாம்பல் நிறமாக வந்தும் எளிதாக இறங்கினால் பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல்.

பூச்சைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அலமாரிகள் விழுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் அதுதான். உட்புறப் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மி.மீ. வரையிலும், கல் மேடுபள்ளமாக உள்ள பக்கத்தில் 20 மி.மீ. வரையிலும் இருக்கும். கடையில் பிளாஞ்சோடு தரும் ஒன்றே கால் அங்குலத் திருகு 32 மி.மீ.; பிளாஞ்சின் கனம் நான்கு மி.மீ.-உம் பூச்சு பதினைந்து மி.மீ.-உம் போக, செங்கல்லுக்குள் நுழைவது பதின்மூன்று மி.மீ. மட்டுமே. எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீட்டில் நள்ளிரவில் விழுந்த அலமாரியின் பிளாஞ்சைப் பார்த்தேன். நான்கு திருகும் வளையாமல், மரை கெடாமல், ஒரு வட்டப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு அப்படியே வந்திருந்தன. குறைந்தது 70 மி.மீ. நீளமுள்ள திருகும், அதற்கேற்ற நீளத்தில் எட்டு மி.மீ. நைலான் பிளக்கும் வேண்டும். பிளக் பூச்சோடு நின்றுவிடாமல் கல்லுக்குள் முழுமையாக இறங்க வேண்டும். இரண்டு கற்களுக்கு நடுவிலுள்ள கலவையில் அல்லாமல் கல்லின் உடலில் துளை விழ வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கைத் தட்ட வேண்டும். தூள் இருந்தால் பிளக் அதன் மேல்தான் விரியும். ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்தர் ஃபிஷர் 1958-இல் உருவாக்கிய நைலான் பிளக் வருவதற்கு முன், நம் தச்சர்கள் சுவரைக் குடைந்து மரக்கட்டை அடித்துத் திருகுவார்கள். இன்றும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். சென்னையின் ஈரத்தில் மரம் ஊதியும் வெயிலில் சுருங்கியும் பிடியை இழக்கும். கரையானுக்கு வழியும் திறந்துவிடும்.

துளையிடுவதில் இன்னோர் ஆபத்து சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் இப்போது பூச்சுக்குள் புதைத்தே செல்கின்றன. சுவிட்ச் போர்டுக்கு நேர்மேலும் நேர்கீழும், குளியலறைக்கும் சமையலறைக்கும் பொதுவான சுவரிலும் துளையிடவே கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. ஆனால் எல்லா எலக்ட்ரீஷியன்களும் கம்பியை நேராகத்தான் இழுத்திருப்பார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. மரப் பலகையில் திருகும்போது கம்பி அறுந்தால் விளக்கு அணைவதோடு முடியலாம். இரும்புச் சட்டகத்தின் திருகு கம்பியைத் தொட்டால், அலமாரி முழுவதிலும் மின்சாரம் ஏறி நிற்கும். யாராவது கைவைக்கும் வரை தெரியாது. மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உண்மையிலேயே விழுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அழகுக்காகக் குழாய்க்குள்ளேயே ஒயரை விட்டு நுனியில் பல்பு மாட்டுவோர், முனையில் ரப்பர் புஷ் வைத்து, சட்டகத்துக்கு எர்த்தும் கொடுக்க வேண்டும். வெட்டிய இரும்பின் விளிம்பு ஒயரின் தோலை மெல்ல மெல்ல அறுத்துவிடும்.

இந்த இடத்தில் தங்கள் நாளிதழின் வாயிலாக வீடு கட்டி விற்போருக்கு ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். வீட்டை ஒப்படைத்த பிறகு தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் பெறும் உரிமையை, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016, பிரிவு 19(5)-இல் வாங்குவோருக்கு வழங்கியிருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலோர் கையில் இருப்பது அறைகளின் நீள அகலம் குறித்த ஒரு தாள்தான். எந்தச் சுவர் எந்தக் கல்லால் ஆனது, மின்குழாய் எந்த வழியாக ஏறி எங்கே திரும்புகிறது, தண்ணீர்க் குழாய் எந்த உயரத்தில் ஓடுகிறது என்பவற்றைக் காட்டும் படமும் சாவியோடு சேர்த்துத் தரப்பட வேண்டும். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படமெடுத்துக் கொடுத்தால்கூடப் போதுமானது. செலவில்லாத வேலை இது. கட்டுமானம் நடக்கும்போதே வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் தாங்களாகவே அப்படி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

துருவைப் பற்றியும் சில சொற்கள். திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் ராயபுரத்திலும் கடற்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்பதை அங்கே வசிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் அதைத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மரை வெட்டிய இடத்தில் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். பூட்டிய பிறகு வெளியே தெரியும் மரைகளில் துத்தநாகம் கலந்த வண்ணத்தைத் தடவ வேண்டும். ஜி.ஐ. குழாயின் மேல் சாதாரண எனாமலை நேரடியாக அடித்தால், எண்ணெய் கலந்த அந்த வண்ணம் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். அதற்கென உள்ள எட்ச் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். கருப்பு இரும்புக் குழாய் வாங்கினால், மேலே உள்ள எண்ணெயைத் தின்னரால் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன் மேல் எனாமலும் அடிக்கலாம். எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும் முழுமையாக இறுக நாட்கள் ஆகும். அவசரப்பட்டுப் புத்தகம் வைத்தால் அட்டை ஒட்டிக்கொள்ளும். மரைக்குப் பதில் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், காற்றோட்டமில்லாத இடத்தில் ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்யக் கூடாது. துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய குழாய்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் என்ன ஓடியது என்று விற்பவருக்கும் தெரியாது.

பலகையைத் தேர்வதில் அவரவர் வசதியும் ரசனையும் போதும். இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கு கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கவனிக்க வேண்டியது கால்களுக்கு இடையேயான தூரம் மட்டும்தான். ஒரே பலகையில் ஒரே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கினால், தாங்கல்களின் இடைவெளி இரண்டு மடங்காகும்போது தொய்வு பதினாறு மடங்காகிறது. முக்கால் அங்குல ப்ளைவுட்டுக்கு இரண்டரை அடி இடைவெளியைத் தாண்டாதீர்கள். பலகை குழாயின் மேல் உருளாமல் இருக்க அடியில் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் சேடில் கிளாம்ப் போட்டுத் திருகிவிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போரின் கவலை வேறு: ஒவ்வொரு துளையும் அட்வான்ஸில் கழியும். அவர்களுக்கும் தரையில் ஊன்றும் அமைப்பே ஏற்றது. காலடிப் பிளாஞ்சுக்குக் கீழே ரப்பர் தகடு வைத்தால் டைல்ஸைத் துளைக்க வேண்டியதில்லை. உயரம் குறைவாக இருந்தாலும் மேல் தட்டின் இரண்டு பிளாஞ்சுகளைச் சுவரில் திருகாமல் விடக் கூடாது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் சண்டையும் இல்லை. கீழ்த் தட்டுகளின் துண்டுக் குழாய்களுக்கு, சுவரைத் திருகாமல், பின்னாலும் இரண்டு கால்கள் கொடுத்துவிடலாம். ஒரு குழாய் கூடுதலாகச் செலவாகும்.

இக்கடிதத்துடன் கையால் வரைந்த இரண்டு படங்களை இணைத்துள்ளேன். ஒன்று, தரையில் ஊன்றும் மூன்று தட்டுச் சட்டகம். மற்றொன்று, பூச்சையும் செங்கல்லையும் பிளக்கையும் குறுக்கே வெட்டிக் காட்டும் படம். ஞாயிறு இணைப்பில் இடம் குறைவாக இருந்தால் இரண்டாவதை மட்டுமாவது வெளியிட வேண்டுகிறேன். அளவுகளை மில்லிமீட்டரில் குறித்திருக்கிறேன். கடையில் அங்குலத்தில்தான் கேட்பார்கள் என்பதால் அதையும் பக்கத்திலேயே எழுதியுள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர் பயிற்றுநர்,
பெரம்பூர், சென்னை - 11.